வரைபடத்தில் இல்லாத இரண்டு ஊர்கள்

போன கிழமை லண்டன் டூட்டிங்கில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, குளிருக்கு ஒதுங்க ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தேன். வாங்க ஒன்றுமில்லை. பாண் அடுக்கியிருந்த மூலையைக் கடக்கையில் ஒரு வாசனை வந்து என்னை நிறுத்தியது. புளித்த மாவும், சீரகத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் போன்ற ஏதோ ஒரு விதையும் சேர்ந்த வாசனை. குனிந்து பார்த்தால் அதே கறுப்புப் பாண். தலையில் போட்டால் மண்டை உடையும். நான் அதை மூக்கில் வைத்து மணந்துகொண்டு நின்ற நேரம், கடைக் காவலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அவனைத் திருப்பிப் பார்த்தேன். சந்தேகப்படுவதில் நான் அவனுக்குக் குறைந்தவன் இல்லை.

அந்தப் பாணை நான் முதலில் மணந்தது ஃபாரஸ்ட் கேட் பகுதியில், ஆர்தரின் பேக்கரியில். லண்டன் வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை. தட்டுக் கழுவுவது, அடுப்படி கூட்டுவது, மா மூட்டை தூக்குவது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதற்கு மேல் என்ன வேலை கிடைக்கும்? இங்கிலீஷ் பாதிதான் விளங்கும். மீதிப் பாதியை நானே தமிழில் நிரப்பிக்கொள்வேன். அதனால் ஆர்தர் பேசியதெல்லாம் என் நினைவில் எங்கள் ஊர்த் தமிழில்தான் இருக்கிறது. அவர் அப்படித்தான் பேசினார் என்று நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்தருக்கு அப்போது அறுபதுக்கு மேல். கலியாணம் செய்யாதவர். கடையில் வெள்ளைப் பாணும் இனிப்புப் பணிஸும்தான் விலைப்படும். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்தக் கறுப்புப் பாணைப் போடுவார். வாங்குவதற்கு நாலைந்து கிழவிகள் வருவார்கள். மிச்சம் என் தலையில்தான். பிளேஸ்டோவில் நாங்கள் கூட்டமாக இருந்த வீட்டுக்குக் கொண்டுபோனால் குலம் அண்ணை பருப்போடு தொட்டுத் தின்றுவிட்டு, "தோசை மாவை மறந்துபோய்ச் சுட்டுப்போட்டானோ உன்ரை முதலாளி" என்பார். குலம் அண்ணை எங்கள் வீட்டில் மூத்தவர். எங்களுக்கு முன்பே வந்து, எங்களுக்கு முன்பே பயந்து, பயத்தில் தேர்ந்தவர்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆர்தர் தேநீர்க் கோப்பையோடு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"உன்ரை ஊர் எது?"

"சிலோன்."

"அது நாடு. ஊரைக் கேக்கிறன். தகப்பன்ர பேர் என்ன? பாட்டனார் எங்கை பிறந்தவர்?"

இதே கேள்விகளை இதே வரிசையில், என் அகதி விண்ணப்பத்துக்காக, ஓர் அதிகாரி என்னிடம் கேட்டு அதிக நாளாகவில்லை. ஊரைப் பற்றிக் கேட்டபோது, பக்கத்துப் பெரிய ஊரின் பெயரைச் சொல்லித் தப்பியிருக்கலாம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் இடம் நாலு வீட்டு வளவும் ஒரு சின்னக் குளமும். கடிதம்கூடப் பக்கத்து ஊருக்குத்தான் வரும். ஆனால் ஒரு சொல்லும் பிசகக் கூடாது என்று லோயர் வெருட்டி வைத்திருந்தார். நான் அந்தச் சின்ன இடத்தின் பெயரையே சொன்னேன். வந்த பதில்: அப்படி ஓர் ஊரே வரைபடத்தில் இல்லை, ஆகவே நீ சொல்வதை நம்ப முடியாது. அப்பீல் போட்டிருந்தோம். அதிலும் தோற்றால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

அந்த ஊரின் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை. பழைய பழக்கம்.

இரவுச் சாப்பாட்டில் ஆர்தரின் கேள்விகளைச் சொன்னேன். குலம் அண்ணை சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அவன் இமிகிரேஷன்காரன்ர ஆள். பாண்கடைக்காரனுக்கு உன்ரை பாட்டனை என்னத்துக்கு?"

"கிழவனைப் பாத்தா அப்பிடித் தெரியேல்லை அண்ணை."

"தெரியிற மாதிரி ஆரும் அனுப்புவாங்களே?"

அதோடு நான் ஆர்தரைக் கவனிக்கத் தொடங்கினேன். அவருக்கு வரும் தபால்களில் முத்திரைகள் எல்லாம் அரசாங்கத் தோரணையில் இருந்தன. போனில் பேசும்போது பிறந்த இடம், வந்த கப்பல் என்ற சொற்கள் காதில் விழுந்தன. நான் கப்பலில் வரவில்லை. இருந்தாலும் பயம் பயம்தானே. அவர் கேட்டதற்கெல்லாம் 'தெரியாது' என்ற ஒரே பதிலைச் சொல்லிப் பழகினேன். அப்பாவின் பெயரும் தெரியாது என்று சொன்ன அன்று, ஆர்தர் என்னை இரக்கத்தோடு பார்த்து ஒரு பணிஸ் எடுத்துத் தந்தார். அதையும் மணந்துபார்த்துவிட்டுத்தான் தின்றேன்.

பிறகு ஒருநாள் சொன்னார். "திங்கக்கிழமை கடை பூட்டு. என்னோட ஒரு இடத்துக்கு வா. அரசாங்கக் கட்டடம். எனக்குக் கண் சரியில்லை, பெட்டி தூக்கவும் ஆள் வேணும்."

அரசாங்கக் கட்டடம். வீட்டில் அன்று யாரும் சிரிக்கவில்லை. போகாவிட்டால் சந்தேகப்படுவான், போனால் பிடித்து வைப்பார்கள் என்று குலம் அண்ணை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார். கடைசியில் வழியும் அவரே சொன்னார். "இரண்டு களுசான் போட்டுக்கொண்டு போ. உள்ளை வைச்சால் மாத்துடுப்புத் தரமாட்டாங்கள். நான் பின்னாலை வாறன்." அப்படியே இரண்டு களுசான், மூன்று சட்டை, பொக்கற்றில் பல்துலக்கி. ரயிலில் ஆர்தருக்குப் பக்கத்தில் தலையணை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அடுத்த பெட்டியில் பத்திரிகைக்குப் பின்னால் குலம் அண்ணை. பத்திரிகை தலைகீழ்.

கட்டடத்துக்குள் போனதும் எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது. மேல்கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். பையை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பேனா இருக்கிறதா என்று கேட்டுப் பறித்தார்கள். கையில் ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் பை தந்து, வேண்டியதை வெளியே தெரியும்படி அதில் போடச் சொன்னார்கள். விமான நிலையத்தில் என்னை வைத்திருந்தபோது செய்ததும் ஏறக்குறைய இதுதான். என் பையில் பல்துலக்கி மட்டும் கிடந்தது. வாசலில் நின்ற காவலர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆர்தரைப் பார்த்தார். ஆர்தர் தோளைக் குலுக்கினார். பிறகு எனக்கு ஒரு பென்சில் தந்தார்கள். பாலர் வகுப்புக்குப் பிறகு என்னை நம்பி யாரும் பென்சில் தந்ததில்லை.

உள்ளே பெரிய மண்டபம். நூற்றுக்கணக்கான ஆட்கள், இருமல்கூட இல்லை. எல்லோரும் பழைய கடதாசிகளுக்கு மேல் குனிந்திருந்தார்கள். என்ன குற்றம் செய்தார்களோ என்று நினைத்தேன்.

ஆர்தர் ஒரு கடதாசிக் கட்டை அவிழ்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அது அரசாங்கத்தின் பழைய பதிவுகளைக் காத்துவைக்கும் இடம். அவருடைய பூட்டன் ஜெர்மன்காரர், பெயர் ஜோஹான். பாண் போடத் தெரிந்த கையோடு லண்டனுக்கு வந்து அந்தக் கடையைத் தொடங்கியவர். முதல் உலக யுத்தத்தில் ஜெர்மன்காரரின் கடைக் கண்ணாடிகளை ஊர்ச்சனம் உடைத்தபோது, பூட்டனின் மகன் பெயர்ப்பலகையைக் கழற்றி இங்கிலீஷ் பெயர் போட்டாராம். அதோடு வீட்டில் அந்தப் பேச்சே நின்றது. ஆர்தருக்கு இது தெரியவந்ததே அறுபது வயதில், ஓர் அத்தை சாகக் கிடந்தபோது. வெள்ளிக்கிழமைப் பாண் எங்கிருந்து வந்ததென்று அன்றுதான் அவருக்கு விளங்கியது.

பூட்டன் இந்த நாட்டுப் பிரஜையாக விண்ணப்பித்தபோது பொலிஸ் நடத்திய விசாரணைதான் அந்தக் கட்டு. எங்கே பிறந்தாய், தகப்பன் யார், ஏன் வந்தாய், உன்னைத் தெரிந்தவர் யார். அக்கம்பக்கத்தார் நாலு பேர் வந்து, இவர் நல்லவர், குடிக்கமாட்டார் என்று சொல்லியிருந்தார்கள். ஆர்தர் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து ஒவ்வொரு கேள்வியாக வாசிக்க வாசிக்க, எனக்கு மூன்று சட்டைக்குள்ளும் வியர்த்தது. அந்தக் கேள்விகள் என்னுடையவை.

"பிறந்த ஊர் எண்டு இதைச் சொல்லியிருக்கிறார்" என்று ஒரு சொல்லில் விரலை வைத்தார். "நானும் ஜெர்மனிக்கு எழுதி எழுதிக் கேட்டுப்போட்டன். அப்பிடி ஊரே இல்லையாம். கிழவன் பொலிசுக்குப் பொய் சொல்லியிருக்கிறான். ஏதோ செய்துபோட்டு ஓடிவந்திருக்கிறான். வீட்டில மூடி மறைச்சதுக்கும் அதுதான் காரணம்."

அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. இவ்வளவு நாள் தேடி ஒரு கள்ளனைக் கண்டுபிடித்தவர் மாதிரி இருந்தார்.

நான் கூச்சக்காரன். முதலாளிக்கு எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை. ஆனால் அன்று வாய் தானாகத் திறந்தது. "ஊர் இருந்திருக்கும். சின்ன ஊரா இருந்திருக்கும். சின்ன ஊர்க்காரன் உண்மையைச் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். பிறகு ஊரின் பெயரைச் சொன்னேன். அப்பாவின் பெயரையும், அப்பீலையும், இரண்டு களுசானையும் சொன்னேன். ஆர்தர் என் சட்டைக் கழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினார். கடைசியில், "எனக்கு உளவு பாக்கிற வேலை எண்டால் பாண் ஏன் போடுறன்?" என்றார். போகும்போது அந்த ஜெர்மன் ஊரின் பெயரைப் பென்சிலால், எழுத்து எழுத்தாக, படம் கீறுவது போலக் கீறி எடுத்துக்கொண்டேன். வெளியே, மழையில் நனைந்துகொண்டு நின்ற குலம் அண்ணைக்கு நான் திரும்பி வந்தது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அப்பீல் விசாரணைக்கு ஆர்தரும் வந்தார், என்னைத் தெரிந்த ஆள் என்று சொல்ல. நான் கேட்கவில்லை. லோயருக்கு விருப்பமில்லை. எனக்கோ அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. என்ன சொல்லித் தொலைப்பாரோ என்று கதிரையின் நுனியில் இருந்தேன். இவன் உண்மை பேசுகிறவன் என்று உமக்கு எப்படித் தெரியும் என்று நீதிபதி கேட்டார்.

"இவன் என்னட்டை வேலைக்கு வந்த நாள் தொடக்கம் என்னை நம்பேல்லை, ஐயா. தகப்பன்ர பேரைக்கூட மறைச்சவன். பொய்க்காரன் எண்டால் இனிக்க இனிக்கக் கதைச்சு எனக்கு ஒரு நல்ல கதை சொல்லியிருப்பான்."

நீதிபதி குனிந்து எழுதினார். சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். என்னை இருக்க விட்டார்கள்.

நன்றிக்கடன் என்று நான் செய்தது ஒன்றுதான். ஜெர்மனியில் இருந்த அக்காவின் புருஷனுக்கு அந்தப் பென்சில் படத்தை அனுப்பினேன். அத்தானுக்கு ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் வேலை. மாதக்கணக்கில் சத்தமில்லை. பிறகு ஒருநாள் போன் எடுத்தார்.

"டேய், அப்பிடி ஒரு ஊர் இருந்ததாம். எங்கட கடையில கோப்பை கழுவுற மனிசி அந்தப் பக்கத்தாள். நிலக்கரி தோண்ட வெளிக்கிட்டு ஊரையே கிண்டி எடுத்துப்போட்டாங்களாம். கோயில், சவக்காலை, எல்லாம். இப்ப பெரிய கிடங்குதான்."

அடுத்த நாள் ஆர்தரிடம் சொன்னேன். மாப் பிசைந்த கையோடு என்னைப் பார்த்தார். எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அந்த முதல் அதிகாரியும் என்னை அப்படித்தான் பார்த்தார்.

"எழுத்தில இருக்கோ?"

"இல்லை. ஒரு மனிசி சொன்னது."

"எனக்கு ஆறுதலாயிருக்கட்டும் எண்டு நீ சொல்லேல்லையே?"

"அவ்வளவு இங்கிலீஷ் எனக்கு வராது."

மறுபடி மாவில் கையை வைத்தார். என்னிடம் இல்லை, மாவிடம் சொல்வது போல, "அப்ப அவர் பொய் சொல்லேல்லை" என்றார். நம்பினாரா என்று தெரியாது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை கறுப்புப் பாணை முன் கண்ணாடியில், தெருவில் போகிறவர் பார்க்க அடுக்கி வைத்தார்.

ஆர்தர் இப்போது இல்லை. பிள்ளைகுட்டி இல்லாததால் பூட்டனைத் தேடவும் இனி ஆளில்லை. கடை இருந்த இடத்தில் போன் திருத்துகிறார்கள். குலம் அண்ணை கனடாவுக்குப் போய், அங்கே யாரையோ சந்தேகித்துக்கொண்டிருக்கிறார்.

சண்டை முடிந்து பல வருடம் கழித்து நானும் ஊருக்குப் போனேன். ஆமி இருந்துவிட்டு விட்ட காணிகள். வளவுகளின் எல்லை தெரியவில்லை, குளத்தை மூடி மண் நிரவியிருந்தது. பற்றைக்குள் நின்று நான் முழித்துக்கொண்டிருக்க, மோட்டார் சைக்கிளில் போன ஒரு பொடியன் நிறுத்தி, மேலும் கீழும் பார்த்தான்.

"ஆரைத் தேடுறியள், அண்ணை?"

ஊரின் பெயரைச் சொன்னேன்.

"அப்பிடி ஒரு இடம் இஞ்சை இல்லையே."

அவனுடைய முகத்தில் சந்தேகம். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை?

டூட்டிங் கடையில் அந்தப் பாணை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். காவலாளி பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். வீட்டுக்கு வந்து ஒரு துண்டைத் தின்றுவிட்டு இதை எழுதுகிறேன். பெயரை எழுதமாட்டேன் என்று முன்னே சொல்லியிருந்தேன். இனி யாருக்குப் பயந்து? எங்கள் இடத்தின் பெயர் இத்தியடிப்புலம். நாலு வளவும் ஒரு சின்னக் குளமும் இருந்தன. யாரும் கேட்டால், எழுத்தில் இருக்கிறது.