விமானியின் சம்பளம் வீட்டுக்குப் போதுமா?

விமானம் ஓட்டுகிறவனிடம் ஜனங்கள் முதலில் கேட்பது, பயமாக இருக்காதா என்று. அடுத்தது, சம்பளம் எவ்வளவு என்று. வெளியூரில் சம்பாதித்து வீட்டுக்கு அனுப்பும் என் இனத்தாரே, இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். எனக்கு வேலை டெல்லியில். மனைவி பவானி, மகள் மீனுவோடு திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் இருக்கிறாள். அரசுப் பள்ளி ஆசிரியை, விட்டுவிட்டு வர முடியாது.

வேலையில்லாத விமானி

லைசென்ஸ் வாங்கி ஒன்றரை வருஷம் எந்தக் கம்பெனியும் என்னைக் கூப்பிடவில்லை. கல்யாணமான புதுசு. பயிற்சிக்கு வாங்கிய கடன் வேறு. பவானியின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றால் தெரிந்தவர் யாராவது, கேப்டன் இன்றைக்கு இந்த வண்டியா என்று விசாரிப்பார்.

ஒருநாள், இது போதும், ஏதாவது ஆபீஸ் வேலைக்குப் போய்விடுகிறேன் என்றேன். நோட்டு திருத்திக்கொண்டிருந்தவள் சிவப்புப் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பறக்கறவர்னு சொல்லித்தான் என்னைக் கட்டிக் குடுத்தா. பறந்துட்டு வாங்கோ, அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றாள்.

இடது பக்க ஆசனம்

வேலை கிடைத்தது. துணை விமானிக்கு வலது பக்க ஆசனம். எங்கள் ஊரில் பெரும்பாலும் தெற்கிலிருந்து இறங்குவோம்; வலப்புறம் ஊர், இடப்புறம் கடல். தென்னைகளுக்கு நடுவே கோயில் கோபுரம் கண்ணோரத்தில் தெரியும். அதை வைத்து எங்கள் தெருவை ஊகித்துக்கொள்வேன். முக்கால் மணி நேரத்தில் வேறு பயணிகளோடு திரும்பிவிட வேண்டும். வீடு ஸ்கூட்டரில் பத்து நிமிஷம்தான், ஆனால் வெளியே போக முடியாது.

பிறகு கேப்டன் ஆனேன். சம்பளம் ஏறியது, ஆசனம் இடது பக்கம் மாறியது. இப்போது எனக்குக் கடல் மட்டும்தான். இதை ஒருமுறை என் துணை விமானியான கோட்டயத்துப் பெண்ணிடம் சொல்லியிருந்தேன். அடுத்த தடவை இறங்கி, எஞ்சினை அணைத்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள்: "சார், கோபுரம் கண்டு. எல்லாம் அவிடெத்தன்னே உண்டு." எல்லாம் அங்கேயேதான் இருக்கிறதாம்.

மீனுவின் கேள்வி

மீனு அப்போது இரண்டாம் வகுப்பு. இன்றைக்குத் திருவனந்தபுரம் வருகிறேன் என்று போனில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். குழந்தை பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு சாயங்காலம்வரை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் இறங்கி, ஏறி, டெல்லிக்கே போய்ச் சேர்ந்திருந்தேன். அன்றிலிருந்து போன் செய்தால் அவள் கேட்கும் முதல் கேள்வி: "அப்பா, இன்னிக்கு நீ லேண்ட் பண்றியா, இல்ல வரியா?"

தரையில் மூன்று மாதம்

போன வருஷம் மருத்துவப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் கூடுதல் என்று மூன்று மாதம் பறக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள். எங்கள் சம்பளத்தில் பெரும்பங்கு பறக்கும் நேரத்துக்குத்தான், அது நின்றுபோனது. இனி பறக்கவே விடமாட்டார்களோ என்று பயந்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து தினமும் மீனுவைப் பள்ளியில் கொண்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வித்துரா வழியாகப் பொன்முடி மலைக்குப் போனோம். ஸ்கூட்டரில் பாதி வழி அவள் என் முதுகில் சாய்ந்து தூங்கினாள். பவானி பள்ளி விட்டு வரும்போது காபி போட்டு வைத்திருப்பேன். அவள் அதைக் குடித்தபடி அன்றைய வகுப்புக் கதையெல்லாம் சொல்வாள். வேலைக்குப் போன எட்டு வருஷத்தில் அவற்றை நான் நேரில் கேட்டதே இல்லை.

மறுபடி பறக்கலாம் என்று சான்று வந்தது. பவானி என் வெள்ளைச் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். சந்தோஷம்தானே என்று கேட்டேன். நிமிராமலே சொன்னாள்: "உங்களுக்கு குணமாகணும்னு தினமும் வேண்டிண்டேன். சீக்கிரம் ஆகணும்னு மட்டும் வேண்டிக்கலை."

ஆகவே, ஒரு விமானியின் சம்பளத்தில் மூன்று பேர் கொண்ட குடும்பம் தாராளமாக வாழலாம், எங்கள் வீட்டில் அப்படி வாழ்கிறவர்கள் இரண்டு பேர்.