சோற்றின் முன் காத்திருந்த நாய்

எங்கள் கடை மாத்தளை அலுவிகாரையில், பெரிய ரோட்டின் ஓரத்தில் இருக்கிறது. அரிசி, பருப்பு, சவர்க்காரம் விற்கிற சின்னக் கடை. யாராவது வழி கேட்டால் ஊரில் "பூனை மாமி கடை" என்றுதான் சொல்வார்கள். காலையில் கதவைத் திறந்தால் படியில் ஒரு பிஸ்கட் பெட்டி இருக்கும். உள்ளே கண் திறக்காத குட்டிகள் கிடக்கும். வைத்தது யாரென்று தெரியாது. நேரில் கொண்டு வந்தால் நான் ஏசுவேன் என்று எல்லோருக்கும் தெரியும். ஏசிவிட்டு வாங்கிக்கொள்வேன் என்பதும் தெரியும்.

பால் கொடுத்து, புழு மருந்து கொடுத்து, கருத்தடை செய்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பேன். கொடுத்த பிறகும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்க்காமல் வரமாட்டேன். "மகளக் கட்டிக் குடுத்தவங்களும் இப்பிடிப் போய்ப் பார்க்க மாட்டாங்க" என்று என் கணவர் கேலி செய்வார்.

நாய் மட்டும் எடுத்ததில்லை. வெறுப்பு ஒன்றும் இல்லை. எங்கள் மார்க்க வழக்கப்படி நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். தொழுகிற வீட்டுக்குள் அதை வைத்துச் சமாளிக்க முடியாது என்று ஒதுங்கியிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மழை நாளில் த்ரீவீல்காரர் ஒருவர் சாக்கில் சுற்றி ஒரு நாயைக் கொண்டு வந்து இறக்கினார். பலாபத்வலைப் பக்கம் வேன் ஒன்று அடித்துவிட்டுப் போய்விட்டதாம்.

"இது பூனை இல்லையே" என்றேன்.

"பெரிய பூனைன்னு நெனச்சிக்கங்க மாமி" என்றார். நான் ஏசத் தொடங்குவதற்குள் த்ரீவீல் வளைவில் மறைந்துவிட்டது.

மண்ணிறப் பெட்டை நாய். பின்னங்கால் முறிந்திருந்தது. கழுத்தில் பட்டி கட்டிய தடம் இருந்தது, பட்டி இல்லை. மிருக வைத்தியர் காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, எலும்பு கூடிவிடும், நன்றாகச் சாப்பிட வையுங்கள் என்றார். கடைக்குப் பின்னால் விறகு அடுக்குகிற கொட்டிலில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம். பின்பக்கக் குழாயடியில் ஒரு பழைய டின் நிறையச் செம்மண் எடுத்து வைத்தேன். என் கணவர் அந்த டின்னைப் பார்த்தார். "அப்ப இது போற மாதிரி இல்ல" என்றார்.

ஆனால் நாய் சாப்பிடவில்லை.

வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை. தண்ணீர் குடித்தது. சோறும் கருவாடும் பிசைந்து தட்டை வைத்தால், முறிந்த காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்காரும். தட்டைப் பார்க்காது. என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்க்கும். வாயிலிருந்து எச்சில் கயிறாக வடியும். பசி வயிற்றைக் கிள்ளுகிறது என்று தெரிகிறது. எதற்காகக் காத்திருக்கிறது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் என் பூனைகள் வந்து தட்டைக் காலி செய்யும். அது தலையைக் கீழே போட்டுப் படுத்துவிடும்.

மாத்தளையில் ஒரு நாய் சொன்னதைக் கேட்கவில்லை என்றால் முதலில் எல்லோருக்கும் வருகிற சந்தேகம் ஒன்றுதான்: இதற்கு எந்தப் பாஷை தெரியும்? நான் தமிழில் "தின்னு" என்றேன். சிங்களத்தில் "கன்ன" என்றேன். கடைக்கு வந்த ஒருவர் இங்கிலீசில் அதட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"பிஸ்மி செல்லிக் குடுத்தியா?" என்று கேட்டார் என் கணவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. சாப்பிடுமுன் நாங்கள் அல்லாஹ்வின் பெயரைச் சொல்வதைத்தான் அப்படிக் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று அவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கவில்லை. விலா எலும்பு தெரியத் தொடங்கியிருந்தது. என் கொட்டிலில், நிறைந்த தட்டுக்கு முன்னால், ஒரு உயிர் பட்டினியில் செத்துவிடுமோ என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

அப்போதுதான் டீச்சர் வந்தார். பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், வீடு யட்டவத்தைப் பக்கம். தனியாக இருப்பவர். பூனைக்குட்டி ஒன்று கேட்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்ததால் முகம் வாடியிருந்தது. பின்பக்க வாங்குப் பலகையில் உட்கார வைத்து ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தேன். பேச்சோடு பேச்சாக நாய்க்கும் தட்டை வைத்தேன்.

டீச்சர் ரொட்டியைத் தொடவில்லை. கண்ணை மூடினார். நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று கையால் சிலுவை போட்டார். உதடு ஏதோ முணுமுணுத்தது. மறுபடியும் சிலுவை போட்டார். கை இறங்கியதுதான் தாமதம், நாய் குனிந்து சோற்றை வாரி வாரித் தின்றது.

நான் போட்ட சத்தத்தில் என் கணவர் கடையை விட்டு ஓடி வந்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு பிடி சோறு வைத்தேன். நாய் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தது. டீச்சரைக் கெஞ்சி இன்னொரு தரம் செய்ய வைத்தேன். அதே கதை.

"அட, இது வேதக்கார வீட்டு நாயிங்க!" என்றார் டீச்சர்.

மூன்று பாஷையிலும் கூப்பிட்டுப் பார்த்த எங்களுக்கு இது தோன்றவே இல்லை. எந்த வீட்டு மேசைக்குக் கீழே இது பழகியது? யார் கை அது? டீச்சர் மாதா கோவிலில் பூசை முடிந்ததும் கேட்டுப் பார்த்தார். நான் கடைக்கு வருகிற ஒருவரையும் விடவில்லை. தேடி யாரும் வரவில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் போகும்போது தோட்டத்து வீடுகளைப் பார்த்தால், அந்தக் கை எந்த வீட்டில் இருக்கும் என்று யோசிக்கிறேன்.

சிலுவை போடுவது என்னால் ஆகிற காரியம் இல்லை. அதனால் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வந்து சாப்பாடு கொடுத்தார். நான் சும்மா நிற்பேனா? அவர் சிலுவை போட்டதும் என் பங்குக்கு இரண்டு கையையும் ஏந்தி, இந்தக் கால் சுகமாக வேண்டும் யா அல்லாஹ் என்று துஆ கேட்டு, முகத்தைத் தடவிக்கொள்வேன். முதலில் நாய் என் கையைச் சட்டையே செய்யவில்லை. நான் முடிப்பதற்குள் பாதித் தட்டு காலியாகிவிடும். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. டீச்சர் வராத நாளில் நான் தனியாகக் கை ஏந்திப் பார்த்தேன். அது எனக்குப் பின்னால், டீச்சர் வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கால் கூடியது. நான் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். செம்மண் டின்னை இரண்டாம் தடவையும் நிரப்பியிருந்தேன். ஆனால் சாப்பிடுவதற்கே இன்னொருவரை எதிர்பார்க்கிற நாயை எந்த நியாயத்தில் வைத்திருப்பது? "நீங்களே கொண்டு போங்க டீச்சர்" என்றேன். பூனைக்குட்டி கேட்டு வந்தவர் நாயோடு போனார். த்ரீவீலில் ஏறிய பிறகு அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றி கெட்ட ஜென்மம் என்று ஏசிக்கொண்டே கொட்டிலைக் கழுவினேன். கண் எரிந்ததற்குக் காரணம் சவர்க்காரம் என்று என் கணவரிடம் சொன்னேன்.

வழக்கம் போல, கொஞ்ச நாள் கழித்து யட்டவத்தைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். வாசலில் என்னைக் கண்டு வாலை ஆட்டியது, அவ்வளவுதான். நன்றாகச் சதை பிடித்திருந்தது. மத்தியானம் டீச்சர் தட்டை வைத்துச் சிலுவை போட்டார். நாய் அசையவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

"என்னடி, மத்த நாள் ஒடனே சாப்பிடுவியே, சாப்பிடு" என்றார் டீச்சர். மறுபடியும் சிலுவை போட்டார்.

எச்சில் கயிறாக வடிந்தது. அது என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தது.

கை ஏந்தினேன். கால் சுகமாகிவிட்டதால் என்ன கேட்பதென்று தெரியவில்லை. வாயில் வந்ததைக் கேட்டேன். முகத்தைத் தடவி நான் கையை இறக்கிய பிறகுதான் அது சோற்றில் வாய் வைத்தது.