அம்மருட்டிலிருந்து கறுப்புச் சரிவுக்கு

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை, காலை எட்டு மணி. ஒஸ்லோவின் கிழக்கே, அம்மருட் சுரங்க ரயில் நிலைய மேடையில் நானும் என் கணவரும் நிற்கிறோம். தோளில் பனியில் சறுக்குகிற ஸ்கீப் பலகை ஆளுக்கொரு சோடி, முதுகில் பை, கையில் தலைக்கவசம். குளிர் பூச்சியத்துக்குக் கீழே ஆறு பாகை. ஒஸ்லோவைப் பார்க்காதவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் மலைச் சரிவில் சறுக்குவதற்கு மணிக்கணக்காகக் கார் ஓடத் தேவையில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போகிற அதே ரயிலில், அதே பயணச்சீட்டில் போகலாம். ஒற்றைப் பயணம் நாற்பது குரோனருக்குக் கொஞ்சம் மேலே. ஸ்கீக்குத் தனிக் காசு இல்லை.

நான் போவது கறுப்புச் சரிவுக்கு. இங்கே சரிவுகளுக்கு நிறம் உண்டு. பச்சை குழந்தைகளுக்கு, நீலம் பழகுகிறவர்களுக்கு, சிவப்பு ஓரளவு தெரிந்தவர்களுக்கு. கறுப்பு கைதேர்ந்தவர்களுக்கு, விளிம்பில் நின்று குனிந்து பார்த்தால்தான் கீழே நிலம் இருப்பது தெரியும். எனக்கு வயது ஐம்பத்தொன்று. இடது கணுக்காலுக்குள் ஒரு தகடும் சில திருகாணிகளும் இருக்கின்றன. உனக்கேன் இந்த வேண்டாத வேலை என்று நீங்கள் கேட்கலாம். யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் இருக்கிற என் சொந்தக்காரர் எல்லோரும் ஏற்கெனவே கேட்டு முடித்துவிட்டார்கள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ட்வெய்ட்டாவில் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் மாடிக் கட்டடத்தின் வாசலுக்குப் பக்கத்திலேயே உறைபனியில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை விழுந்த பிறகு அதன் புருஷன் என்ன பாடு படுத்தும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. என்னுடையவர் அன்றைக்குப் பிடித்த என் முழங்கையை அதற்குப் பிறகு விடவேயில்லை. அவர் இந்த நகரத்தில் இருபது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர். வழுக்கும் தரை என்றால் அவருக்குப் பரம எதிரி. சப்பாத்தில் மாட்டுகிற ஆணி வைத்த றப்பர் பட்டி மூன்று சோடி வாங்கி வந்தார். வாசலில் சரளைக்கல் போடச் சொல்லிக் கட்டடப் பராமரிப்பாளரின் உயிரை எடுத்தார். நான் குப்பை போடப் போனாலும் பின்னால் வந்தார். அன்புதான், தெரியாமலில்லை. ஆனால் நாள் போகப் போக, அவர் பிடித்தால்தான் எனக்கு நடக்க வருகிறது என்று ஆகிவிட்டது. ஒருநாள் அவர் வேலைக்குப் போன பிறகு வாசல் வரை வந்துவிட்டு, காலை எடுத்து வைக்கப் பயந்து திரும்பி வீட்டுக்குள் போனேன். அன்றைக்கு நன்றாக அழுதேன்.

ஒக்டோபரில் ஒரு இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன், இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் நான் கறுப்பில் இறங்கப் போகிறேன் என்று. விழுவதற்கு முன் நான் சிவப்பு வரை போனவள்தான். அவர் கையிலிருந்த பிட்டைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே வைத்துவிட்டார். ஆழம் தெரியாமல் காலை விடாதேயும் என்று தொடங்கி, காப்புறுதி, சத்திரசிகிச்சை, என் வயது என்று பெரிய பிரசங்கமே வைத்தார். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். நான் தனியாகக் கீழே வந்து சேர்ந்தால் அவர் இனி என் முழங்கையைப் பிடிக்க மாட்டார். முடியாமல் போனால் நான் ஸ்கீயை யாருக்காவது கொடுத்துவிட்டு அதைப்பற்றி வாயே திறக்கக் கூடாது.

“இன்னொண்டு,” என்றேன். “நான் விழுந்தாலும் நீங்கள் மேலை ஏறி வரக்கூடாது.”

கோப்பையைத் தள்ளி வைத்தார். “எழும்ப ஏலாமல் போனால்?”

“ஏலாட்டில் கையைத் தூக்கிக் காட்டுவன். அப்ப வாங்கோ.”

ரயில் வந்தது. அந்த நேரத்துக்கே பெட்டிக்குள் ஸ்கீக் காடு. எல்லோரும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஆளை ஆள் பார்க்காமல் இருந்தார்கள். நகரத்து நடுவுக்குள் இறங்கி, நிலத்துக்குக் கீழே போய், மயோர்ஸ்டுவனில் ஏறக்குறைய அரை மணியில் வெளியே வந்தோம். அங்கே மலைப் பாதை ரயிலுக்கு மாற வேண்டும்.

மேடையில் இளம் தம்பதி ஒன்று. வாடகைத் தலைக்கவசத்தோடு, கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். நாங்கள் கதைப்பதைக் கேட்டு, “நீங்க தமிழா?” என்று அந்தப் பெண் கேட்டாள். ஓம் என்றேன். அந்த ‘ஓம்’ அவளுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும், சிரித்தாள். அவர்கள் பச்சைக்குப் போகிறார்களாம், முதல் தடவை. நான் போகிற நிறத்தைச் சொன்னதும் வாயைப் பிளந்தாள்.

“அக்கா, பயமா இல்லையா உங்களுக்கு?”

“ஏன் இல்லை? பயத்துக்கும் ஒரு சீட்டு எடுத்துக்கொண்டுதான் வந்தனான்,” என்றேன். அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. கணவனிடம் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டாள்.

மலைப் பாதை ரயில் வளைந்து வளைந்து ஏறும். கீழே மரவீடுகள், தோட்டங்கள், பிறகு கடலின் ஒரு துண்டு. ஹொல்மென்கொல்லன் வந்ததும் மலை உச்சியில் பெரிய தாவுமேடை தெரிந்தது. நோர்வேக்காரர் ரயிலில் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் தோளில் ஸ்கீ இருந்தால் கதைப்பார்கள். எதிரே இருந்த வயதான மனிதர் எங்கே போகிறோம் என்று கேட்டார். சொன்னேன். என் கணவரைப் பார்த்து, நீங்களுமா என்றார். இல்லை, நான் கீழே நிற்கப் போகிறவன் என்று இவர் நோர்வீஜிய மொழியில் மெல்லமாகச் சொன்னார். அதுதான் குளிரான வேலை என்றார் அந்த மனிதர். இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வொக்சன்கொல்லன் நிலையத்தில் இறங்கும்போது ஒன்பதேகால். அங்கிருந்து சரிவு மையத்துக்குச் சிறு பேருந்து. அது போய்ச் சேர்வதற்குள் நான் எப்படித் தயாரானேன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் தொடை. இயன்முறை மருத்துவர் என் கணுக்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, கால் சுகம், தொடைதான் பஞ்சாகிப் போயிருக்கிறது என்றார். சுவரில் முதுகை ஒட்டி, கதிரை இல்லாமலே கதிரையில் இருப்பதுபோல் இருக்க வேண்டும். சோறு கொதித்து இறங்கும் வரை செய்வேன். குத்தரிசி போட்ட நாட்களில் செத்தேன். மின்தூக்கியை விட்டுவிட்டு மாடிப்படியில் ஏறி இறங்கினேன். ஏறுவது மூச்சுக்கு, இறங்குவதுதான் தொடைக்கு. பல் தீட்டும்போது ஒற்றைக் கால், வெங்காயம் உரிக்கும்போது மற்றக் கால்.

அடுத்தது மனம். நான் குழந்தைகள் பராமரிப்புப் பள்ளியில் வேலை செய்கிறேன். ஸ்கீயும் அங்கேதான் பழகினேன், மூன்று வயதுக்காரரோடு சேர்ந்து. எனக்குக் கற்றுத் தந்தவள் கூட வேலை செய்கிற மாரித். இந்தக் குளிர்காலமும் அவள்தான் வந்தாள். செங்குத்தில் பயம் வந்தால் உடம்பு தானாக மலைப் பக்கம் சாயும். சாய்ந்தால் ஸ்கீ வழுக்கிவிடும். நெஞ்சைப் பள்ளத்துக்குக் கொடுக்க வேண்டும். சொல்ல எளிது. என் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு எலும்பும் அதற்கு எதிராக வாக்குப் போட்டது. பிறகு அவள் என்னை வேண்டுமென்றே விழச் சொன்னாள். விழுந்து, காலைப் பள்ளப் பக்கம் திருப்பி, ஸ்கீயின் விளிம்பைப் பனியில் ஊன்றி நிற்கப் பழக்கினாள். வீட்டில் கண்ணை மூடி, ஒவ்வொரு திருப்பமாக மனதுக்குள் போய்வருவேன். அப்படி இருந்தபோது நான் கும்பிடுகிறேன் என்று நினைத்து இவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, நுனிக்காலில் அறையை விட்டுப் போனார்.

தை மாதத்தில்தான் உண்மையான சிக்கல் தெரிந்தது. சிவப்பில் நான் விழுந்த ஒவ்வொரு முறையும், நான் பனியைத் துடைக்க முன்பே இவர் பக்கவாட்டில் ஏறி வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார். நானும் பிடித்துக்கொண்டு எழும்பினேன். மாரித் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை விழுந்தால் உடனே ஓடக் கூடாது. எழும்புகிறதா என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஓடினால் அது அழும், பார்த்துக்கொண்டு நின்றால் பெரும்பாலும் எழும்பிவிடும். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓடித்தான் ஏச்சு வாங்கினேன். மாரித் இவரைக் கோப்பிக்குக் கூட்டிப்போய், ஆயத்தம் உங்களுக்கும் வேண்டும் என்றாள். நான் விழுந்தால் பத்து வரை எண்ணிவிட்டுப் புறப்படட்டுமாம். எண்ணத் தொடங்கினார். அவருடைய பத்து ஐந்திலேயே வந்துவிடும். ஸ்தவாங்கரில் வேலை செய்கிற மகன் தொலைபேசியில், “அப்பா, ஸ்லாப் ஆவ்,” பதறாமல் இருங்கோ என்று சொல்லிச் சொல்லிக் களைத்தான்.

பத்தரை மணிக்கு, கம்பியில் தொங்கியபடி ஆட்களை மேலே கொண்டுபோகிற தூக்குக் கதிரையில் ஏறினோம். ஒரு நாள் சீட்டு ஐந்நூறு குரோனருக்கு மேலே. தண்டமாகப் போகக் கூடாது என்று நீல, சிவப்புச் சரிவுகளில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டோம். பிறகு மேலே, உச்சியில் நிற்கிற தொலைக்காட்சிக் கோபுரத்துக்குப் பக்கத்தில், கறுப்புப் பலகை நட்ட இடத்தில் நின்றோம். இவர் குனிந்து என் சப்பாத்துக் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். தலைக்கவசத்தின் பட்டியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். இனிப் பார்க்க ஒன்றும் இல்லாமல் போனதும் நிமிர்ந்தார்.

“முதல் திருப்பத்தை மட்டும் நினையும். மிச்சம் தானா வரும்,” என்றார்.

அது மாரித் எனக்குச் சொல்லித் தந்தது. இவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஸ்கீ ஊன்றுகோல் இரண்டையும் இறுக்கிப் பிடித்தேன். அவர் சிவப்புச் சரிவால் சுற்றி இறங்கிப் போய், கீழே செம்மஞ்சள் சட்டையில் ஒரு புள்ளியாக நின்றார்.

நெஞ்சைப் பள்ளத்துக்குக் கொடுத்தேன். முதல் திருப்பம் வந்தது. இரண்டாவதும் வந்தது. ஐயோ, எவ்வளவு நல்லாக இருந்தது தெரியுமா. மூன்றாவதில் சந்தோஷத்தில் கொஞ்சம் நிமிர்ந்தேன். அவ்வளவுதான், சரிவு காலை வாரிவிட்டது. ஒரு ஸ்கீ கழன்றது. வானம், பனி, வானம். பழகியபடி காலைத் திருப்பி ஊன்றினேன், நின்றேன். கழுத்துக்குள் பனி. கழன்ற ஸ்கீ எனக்கு மேலே கிடந்தது.

கணுக்கால் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தேன். இருந்தது. அந்த நேரம் ஒருவர் சறுக்கி வந்து நின்று, பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். அவர் என் சொல்லை நம்பிவிட்டுப் போய்விட்டார். எங்களுடைய ஆட்களில் ஒருவரும் அப்படி நம்பிப் போக மாட்டார்கள்.

கையைத் தூக்கினால் இவர் வந்துவிடுவார். தூக்குவோமா என்று இருந்தது. கீழே பார்த்தேன். செம்மஞ்சள் புள்ளி அசையாமல் நின்றது. வரக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான்தான். ஆனாலும், பார், மனுஷி இப்படிக் கிடக்கிறேன், மரம் மாதிரி நிற்கிறாரே என்று எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே எழும்பினேன். பக்கவாட்டில் அடி அடியாக ஏறி ஸ்கீயை எடுத்தேன். சப்பாத்தால் பனியை உதைத்துச் சமதரை செய்து, மாட்டினேன். இரண்டு முறை தவறி மூன்றாம் முறை ‘டக்’ என்று பூட்டியது. மறுபடியும் முதல் திருப்பத்தை மட்டும் நினைத்தேன். மிச்சம் வந்தது. அழகாக வந்ததா என்று கேட்காதீர்கள், வந்தது.

கீழே வந்து அவருக்கு முன்னால் நின்றபோதுதான் பார்த்தேன், அவர் காலில் ஸ்கீ இல்லை. வெறும் சப்பாத்தோடு நின்றார். ஸ்கீ இரண்டும் தூரத்தில், தூக்குக் கதிரை புறப்படுகிற இடத்துத் தாங்கியில் சாத்திக் கிடந்தன. கையுறையின் விரல் நுனி ஈரமாக இருந்தது, கடித்திருக்கிறார்.

“ஏன் கழட்டினனீங்கள்?”

“காலிலை கிடந்தால் வந்திருப்பன்,” என்றார். “அதாலை முதலே கழட்டி அங்கை வைச்சிட்டன்.”

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவருடைய முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. சொன்ன சொல் சொன்னதுதான், இனி முழங்கையைப் பிடிக்க மாட்டன் என்று அவரே சொன்னார். இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் ஊன்றுகோலில் ஒன்றை வாங்கினார். சரிவு வந்து முடிகிற இடத்துக்குப் போய், குனிந்து, பனியை ஓங்கி ஒரு அடி அடித்தார். பிறகு இன்னொன்று. வரிசையில் நின்ற நோர்வேக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னப்பா செய்யிறியள்?”

“இதுதானே உம்மை விழுத்தினது.”

மூக்கைத் துடைத்துக்கொண்டேன். “அது காணாது,” என்றேன். “இன்னும் ரெண்டு போடுங்கோ.”

போட்டார்.