எட்டுப் பேர் வரை பேசலாம்

நான் அளந்து விடுகிறவன். ஒத்துக்கொள்கிறேன். குளியலறையில் பல்லி விழுந்ததை முதலை விழுந்ததாகச் சொன்னவன். நான் மணி சொன்னால்கூட என் மச்சான் இன்னொரு கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வான். ஆனால் இப்போது சொல்லப்போவதில் ஒரு திருகாணி அளவுக்குக்கூட நான் எதையும் சேர்க்கவில்லை. காற்றின் வேகத்தில் வேண்டுமானால் லேசாகக் கை வைத்திருப்பேன். மற்றதெல்லாம் நடந்தது. எனக்கே நடந்தது. இதை எழுதும்போது பகல் பதினொரு மணி, வெளியே வெயில் கொளுத்துகிறது. அப்படியும் அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். பதினாலு மாடி இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டே மதியச் சாப்பாட்டை முடித்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டவன். பயம் என்றால் மேலதிகாரியிடம் மட்டும்தான். ஓய்வு பெற்றதும் அதுவும் போய்விட்டது. உடனே ஒரு பைக் வாங்கினேன். தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி, எருமை மாதிரி உடம்பு. கீழே சாய்ந்தால் தூக்கி நிறுத்த மூன்று ஆள் வேண்டும். வெளியில் ஆறு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பின்னால் உட்கார வேண்டிய ஆள் என் மனைவி. கணக்கு டீச்சராக இருந்தவள். பள்ளிக்கூடமே அவளை டீச்சர் என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இரண்டு வாரம் ஊர் சுற்றலாம் வா என்றதற்கு அவள் கேள்வித்தாள் மாதிரி மூன்று நிபந்தனை போட்டாள்.

"முதுகு சாய இடம் வேணும். கால் வைக்கிற கட்டை இன்னும் கீழ இருக்கணும். மூணாவது, நான் பேசினா உங்களுக்குக் கேக்கணும். காத்துல கேக்கலன்னு ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நடிக்கக் கூடாது."

மூன்றாவதுதான் கஷ்டமான நிபந்தனை. நான் நம்பியிருந்ததே காற்றைத்தான்.

ஒரு வாரம் வீட்டு ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. பின்சீட்டுக்கு முதுகுசாய்வு வைத்தேன். கால்கட்டையைக் கீழிறக்க இரும்புத் தகடு வெட்டினேன். என் மணிக்கட்டு வலிக்காமல் இருக்க ஹேண்டில்பாரை இரண்டு விரல் உயர்த்தினேன். பக்கவாட்டில் பெட்டிகள், முன்னால் கூடுதல் விளக்குகள். எந்த போல்ட்டையும் முதலில் விரலால் திருகி, அப்புறம்தான் ஸ்பேனரால் முறுக்குவேன். முறுக்கியதும் போல்ட்டின் மேல் டீச்சருடைய நகப்பூச்சால் ஒரு கோடு. போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அது லிஃப்ட் வேலையில் வந்த பழக்கம். ஒரு பாட்டில் சிவப்பு காலி. டீச்சர் இரண்டு நாள் பேசவில்லை. அப்போது நிம்மதியாக இருந்தது.

கடைசியாக ஹெல்மெட்டுக்குள் வைத்துப் பேசுகிற கருவி. கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"எட்டுப் பேர் வரைக்கும் பேசலாம் சார்."

"எங்க வீட்ல ரெண்டே பேர்தான்."

"இருக்கட்டுமே சார். வசதிதானே."

கருவியில் இரண்டு பட்டன் இருந்தன. ஒன்றை அழுத்தினால் எங்கள் இருவருக்குள் மட்டும் பேச்சு. இன்னொன்றை அழுத்தினால் எட்டுப் பேருக்கும் வழி திறந்திருக்கும், பக்கத்தில் வருகிற யாரும் சேர்ந்துகொள்ளலாம். நான் எதை அழுத்தியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதிவைத்த லிஃப்டில் இரண்டு பேர் மட்டும் போனால் என் வயிறு எரியும். எட்டையும் திறந்துவிட்டேன்.

மறுநாள் விடியலில் கிளம்ப வேண்டும். அன்று மாலை ஆறு ஐம்பது. நன்றாக இருட்டிவிட்டது. எவ்வளவு தூரம் வரை கேட்கிறது என்று பார்க்க டீச்சரை ஹெல்மெட்டோடு மொட்டை மாடிக்கு அனுப்பினேன். நான் கீழே ஷெட்டில், என் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டிப் பக்கத்தில் நின்றேன். கருவிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் அறிவித்தது. "இரண்டு பேர் இணைந்துள்ளனர்."

"டீச்சர், கேக்குதா?"

"நல்லா கேக்குது. மூக்க உறிஞ்சாதீங்க."

"எங்க இருக்க?"

"மாடியில. காத்து ஆளையே தூக்குது."

"கதவுப் பக்கத்துலயே நில்லு. பின்பக்கம் போயிடாத."

"எனக்குத் தெரியாதா? கொத்தனார் செவுத்த இடிச்சுப் போட்டுட்டுப் போனதுலேர்ந்து அவருக்கு போன் போட்டுத் திட்டறதே நான்தான்."

மாடியின் பின்பக்கக் கைப்பிடிச் சுவர் முழுக்க இடிந்து கிடந்தது. அந்த இடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு நைலான் கயிறு மட்டும். அதற்கு அந்தப் பக்கம் இரண்டு மாடிப் பள்ளம், கீழே சிமெண்ட் தரை. சத்தியமாக இரண்டு மாடிதான். இதில் நான் ஏற்றிச் சொல்லவில்லை.

டக்.

திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டுக்கு இடப்பக்கம் மடக்கி வைத்திருந்த கால்கட்டை கீழே இறங்கியிருந்தது. புது ஸ்பிரிங் போட்டது, காலால் அழுத்தி மிதித்தால்தான் இறங்கும். ஸ்பிரிங் சரியில்லை போல என்று நினைத்து மடக்கிவிட்டேன்.

டக்.

மறுபடியும் இடப்பக்கம்.

டக்.

இப்போது வலப்பக்கம்.

நான் ஓர் அடி தள்ளி நின்றேன். வண்டியின் பின்பகுதி மெதுவாக இறங்கியது... கனத்த ஆள் சோபாவில் உட்காரும்போது இறங்குமே, அப்படி. ஸ்பிரிங்குகள் முனகின. டயர் தரையில் அழுந்தியது. சீட்டில் யாரும் இல்லை.

காதுக்குள் அந்தப் பெண்குரல் வந்தது.

"மூன்று பேர் இணைந்துள்ளனர்."

தெருவில் யாரோ ஹெல்மெட்டோடு போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள ரொம்ப ஆசைப்பட்டேன். ஷெட் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். தெரு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காலி.

"டீச்சர், லைன்ல வேற யாரோ இருக்காங்க. கேக்குதா?"

இரைச்சல் மட்டும்... பிறகு அவள் குரல்.

"சாத்திட்டேன்."

"எதச் சாத்தின?"

"தாழ்ப்பாளும் போட்டாச்சு. இப்ப காத்துச் சத்தம் கொறஞ்சுதா?"

நான் எதையும் சாத்தச் சொல்லவில்லை.

சிறிது நேரம் அமைதி. ஒருவர் ஒரு வாக்கியம் பேசி முடிக்கிற நேரம். என் காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் டீச்சர் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். என் ஜோக்குக்கு மட்டும், அதுவும் பிடிக்காத மாதிரி நடித்துக்கொண்டே சிரிக்கிற சிரிப்பு.

"போதும், வழியாதீங்க."

யார் வழிந்தது?

"டீச்சர். நான் பேசல. நான் ஒண்ணுமே பேசல."

மறுபடியும் அமைதி...

"பின்னாடியே நடக்கணுமா? திரும்பக் கூடாதா?"

அமைதி.

"சரி, சரி. மூஞ்சி கதவப் பாத்தபடி இருக்கணும். அப்பதான் சிக்னல் கெடைக்கும். புரியுது."

கத்தினேன். நில்லு என்று கத்தினேன். நான் கத்தியதில் ஊரிலுள்ள அத்தனை நாய்களும் எழுந்து உட்கார்ந்திருக்கும். அவளுக்குக் கேட்கவில்லை.

"நாலு அடி வந்துட்டேன். இன்னும் தெளிவாத்தான் கேக்குது உங்க குரல்."

என் குரல்.

ஹெல்மெட்டைப் பிடுங்கித் தரையில் எறிந்தேன். ஓடினேன்.

முதல் மாடி. முழங்கால் விண்ணென்று தெறித்தது. விடவில்லை.

இரண்டாவது மாடி.

இரும்புக் கதவு. அந்தப் பக்கம் தாழ்ப்பாள்.

இடித்தேன். தோளால் இடித்தேன். "திற... திற..." எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

காற்றுகூட இல்லை.

அழுதுவிட்டேன்.

எவ்வளவு நேரம் போனதோ... தாழ்ப்பாள் நகர்ந்தது. மிக மெதுவாக. கதவு ஒரு விரல் அளவு திறந்து நின்றது. ஹெல்மெட் கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள். அவளுக்குப் பின்னால், தூரத்தில், நைலான் கயிறு ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. யாரோ அப்போதுதான் முதுகால் உரசிவிட்டு வந்த மாதிரி.

"நீங்கதானா?" என்றாள்.

"நான்தான்."

அவள் கையைப் பிடித்தேன். பனிக்கட்டி.

கீழே இறங்கி வந்தபோது மணி ஏழு இருபது. வண்டியின் பின்பகுதி பழைய உயரத்தில் இருந்தது. கால்கட்டைகள் இரண்டும் மடங்கியிருந்தன. தரையில் எறிந்த என் ஹெல்மெட் மட்டும் பின்சீட்டின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. முகம் ஷெட் வாசலைப் பார்த்து, எங்களைப் பார்த்து...

கருவிகளைக் கழற்றி மறுநாளே கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு இரண்டும் நன்றாக வேலை செய்வதாகச் சொன்னார். நன்றாக வேலை செய்வதுதான் பிரச்சினை என்று நான் சொல்லவில்லை. டீச்சரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பயணத்தை விட்டுவிடலாமா என்று கேட்டதற்கு, லீவு விட்டாச்சு, இனி மாத்த முடியாது என்று பழைய டீச்சர் தோரணையில் சொன்னாள். நான்கு நாள் தள்ளிக் கிளம்பினோம்.

மூன்றாம் நாள் சாலையோரக் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். பக்கத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அன்னிக்குப் படியேறி வரும்போது உங்க தலையில ஹெல்மெட் இருந்துச்சா?"

"இல்ல. கீழயே வீசிட்டேன். ஏன்?"

"அப்ப என்னைய நில்லுன்னு சொன்னது யாரு?"

"நான்தான். ஷெட்லேர்ந்து கத்தினேனே. தாமதமா வந்து சேந்திருக்கும்."

"ரெண்டு குரல் கேட்டுச்சுங்க. ரெண்டும் உங்க குரல்தான். ஒண்ணு பின்னாடி வா வான்னுச்சு. கயிறு முதுகுல படும்போது இன்னொண்ணு நில்லுன்னுச்சு. நின்னுட்டேன். அதுக்கப்புறம்தான் யாரோ கதவ இடிச்சாங்க."

"யாரோ இல்ல. நான்தான் இடிச்சேன்."

"அப்பவும் அது பேசிக்கிட்டுதான் இருந்துச்சு. நில்லுன்னு சொன்ன குரல்."

"என்ன பேசுச்சு?"

டீச்சர் காபியைக் கீழே வைத்தாள்.

"படியேறி வந்தது நான் இல்ல, கதவத் தெறக்காத டீச்சர்னு கெஞ்சுச்சு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்புறம் ஏன் திறந்த?"

"வேற எங்க போறது? பின்னாடி பள்ளம். முன்னாடி நீங்க."

நான் நான்தான் என்று எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அவளிடம் அதை எப்படி நிரூபிப்பது என்றுதான் தெரியவில்லை. முதல் இரண்டு நாளும் அவள் என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை என்பது அந்தக் கடையில்தான் உறைத்தது. எனக்குப் பின்னால் உட்கார்ந்தால் தோளில் கை வைக்காமல் இருக்க மாட்டாள். அன்றும் வண்டி கிளம்பியதும் காத்திருந்தேன். தோளில் கை வரவில்லை. சீட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற கம்பியை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.