ரிமோட்டுக்கு அடங்காத பெட்டி

ரிமோட் வேலை செய்யவில்லை என்று என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பேட்டரியைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். மீதிப் பேர் அதைத் தொடையில் தட்டி, சுவரில் தட்டி, கடைசியில் குழம்பில் போட்டுவிட்டு வந்திருப்பார்கள். இருபது வருஷமாக ஆம்பூரில் டிவி ரிப்பேர் செய்கிறேன். மஹபூப் பாஷாவுக்கு, அதாவது எனக்கு, மூக்குக்கு மேல் கோபம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வராமல் என்ன செய்யும்? ஆனால் ஞானமுத்து விஷயத்தில் தப்பு என்னுடையது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஞானமுத்து தோல் கம்பெனியில் ஷேவிங் மெஷின் ஆபரேட்டர். ஊறவைத்துப் பதப்படுத்திய தோலைச் சுழலும் பிளேடுக்குக் கொடுத்து, கழுத்திலிருந்து வால் வரை ஒரே கனமாகச் சீவ வேண்டும். கொஞ்சம் அசந்தால் தோல் கிழியும், இன்னும் கொஞ்சம் அசந்தால் கை. அந்த மெஷின் ஓடும்போது பக்கத்தில் இடியே விழுந்தாலும் மறுநாள் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1977-லிருந்து அதே மெஷின், அதே இடம். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பஞ்சு வைத்தால் பிளேடு மழுங்குகிற சத்தம் எப்படித் தெரியும் என்று கேட்டு மறுத்துவிட்டார். நியாயமான பேச்சுதான். பதினைந்து வருஷத்தில் பஞ்சு இல்லாமலே அந்தச் சத்தம் தெரியாமல் போனது.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். இடது உள்ளங்கையை மெஷினின் இரும்புச் சட்டத்தில் வைப்பார். அதிர்வு வேறுமாதிரி வந்தால் பிளேடுக்குக் கல் பிடிக்க வேண்டும் என்று அர்த்தம். காது நன்றாகக் கேட்கிற ஆபரேட்டர்களைவிட இவர் சீவிய தோல் சீராக இருந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மனிதர்கள் பேசினால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். ஒரு பேச்சுக்கு நடுவில் எத்தனை தடவை ஆட்ட வேண்டும், எப்போது "அதானே" என்று சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஊரில் பொறுமைசாலி என்று பெயர் வாங்கிவிட்டார். என்னைப் போல் காது கேட்கிறவனுக்குத்தான் கோபக்காரன் என்று பெயர்.

அவர் மனைவி தேவகிருபை பள்ளிக்கூட டீச்சர். நாற்பது பிள்ளைகளைக் கத்தி மேய்க்கிற தொண்டை. வீட்டிலும் அதே குரலில் பேசுவார். டீச்சர் பழக்கம் என்று தெருவில் நினைத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை என்பது 1996-இல் அவர்கள் கலர் டிவி வாங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"பாய், இதுல சவுண்டு பத்தல" என்று ஞானமுத்து கடைக்கு வந்தார். போய்ப் பார்த்தேன். டிவி அதன் சக்திக்கு மீறி அலறிக்கொண்டிருந்தது. இவர் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கேட்காதே என்கிற பார்வை. நானும் கேட்கவில்லை. பிளைவுட்டில் பெட்டி அடித்து, எட்டு அங்குல ஸ்பீக்கர் வைத்து, ஒரு ஆம்ப்ளிஃபயரும் கட்டிக் கொடுத்தேன். டிவியின் பின்பக்கத்தைத் திறந்து, உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே பெட்டிக்கு லைன் எடுத்தேன். அப்படி எடுத்தால் டிவி ரிமோட்டை அழுத்தும்போது பெட்டியின் சத்தமும் கூடும், குறையும். திரையில் பச்சையாக ஒரு கோடும் ஒரு எண்ணும் வரும்.

அந்த எண்தான் ஞானமுத்துவுக்குக் காது. தனியாக இருந்தால் நாற்பது. டீச்சர் இருந்தால் முப்பது. ஆள் வந்தால் பன்னிரண்டு. பன்னிரண்டில் அவருக்கு ஒன்றும் கேட்காது. ஆனால் வந்தவருக்கு எதிரில் உட்கார்ந்து, அவர் முகத்தையே டிவி பார்க்கிற மாதிரி பார்ப்பார். வந்தவர் சிரித்தால் இவரும் சிரிப்பார். ஏழு வருஷம் இப்படியே ஓடியது.

2003 கடைசியில் கம்பெனியில் ஒரு பேஜார் வந்தது. தோல் வாங்குகிற வெளிநாட்டுக்காரன், காது மந்தமான ஆட்கள் மெஷினில் நிற்கக்கூடாது என்று எழுதிவிட்டானாம். அப்படிப்பட்டவர்களைப் பட்டியல் எடுத்து, மெஷினிலிருந்து இறக்கி, உப்புத் தோல் பிரிக்கிற யார்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள். பட்டியல் எடுக்கிற பொறுப்பு சூப்பர்வைசர் ரஃபி அகமதுவுக்கு. அவரைக் கண்டால் எல்லோருக்கும் நடுக்கம். அறுபது அடி தள்ளி எவனாவது பீடி பற்றவைத்தாலும் திரும்பிவிடுவார், அப்படி ஒரு காது என்று சொல்வார்கள்.

ஞானமுத்துவுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு மூன்று வருஷம் இருந்தது. "அந்த மெஷின்லருந்தே இறங்கி வூட்டுக்குப் போவணும் பாய். யார்டுக்குப் போனா நான் இல்ல" என்று ஒருநாள் கடையில் வந்து சொன்னார். மெதுவாகச் சொல்வதாக அவர் நினைப்பு. எதிர்க்கடை டெய்லர் எட்டிப் பார்த்தான்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ரஃபி அகமதுவைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார் ஞானமுத்து. இவருக்குக் காது கேட்கிறது என்று சூப்பர்வைசர் கண்ணால் பார்த்துவிட்டுப் போனால் பட்டியலில் பெயர் வராது என்பது கணக்கு. சூப்பர்வைசர் உட்கார்ந்ததும் "சவுண்டு ஜாஸ்தியா இருக்குதா சார்?" என்று இவரே கேட்டு, ரிமோட்டை எடுத்துக் குறைக்க வேண்டும். சத்தம் ஜாஸ்தி என்று சொல்கிறவன் செவிடனாக இருக்க முடியாதே. டீச்சரும் அவரும் ஒரு வாரம் இதை ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்.

இந்த நேரம் பார்த்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பழைய டிவி செத்துப்போனது. அவசரமாகப் புது டிவி வாங்கிவிட்டார்கள். பெட்டியை இணைக்க என்னைக் கூப்பிட்டார்கள். டீச்சர் சர்ச் ஜோடனைக்குப் போயிருந்தார். புது டிவியின் பின்பக்கத்தைத் திறந்தால் கேரண்டி போய்விடும், சீல் ஒட்டியிருந்தது. ஆகவே உள்ளே கை வைக்காமல், பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக இருந்த ஆடியோ அவுட் ஓட்டைகளில் கம்பியைச் செருகிவிட்டேன். அந்த வழியில் வருகிற சத்தம் ரிமோட்டுக்கு அடங்காது. திரையில் எண் குறையும், டிவியின் சொந்த ஸ்பீக்கர் குறையும், பெட்டி பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருக்கும். பெட்டியைக் குறைக்க ஆம்ப்ளிஃபயரில் இருக்கிற திருகைத்தான் திருக வேண்டும்.

இதையெல்லாம் நான் ஞானமுத்துவிடம் விளக்கமாகச் சொன்னேன். கம்பியைச் செருகிக்கொண்டே, டிவிக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு சொன்னேன். வெளியே வந்து "புரிஞ்சுதா?" என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "அதானே" என்றார். எல்லாம் தெரிந்த மடையன் நான், அந்தத் தலையாட்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மத்தியானம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்காகவும் ரஃபி அகமதுவுக்காகவும் கறியை ஹலால் கடையிலேயே வாங்கியிருந்தார் டீச்சர். நான் தெரு முனையில் திரும்பும்போதே பெட்டியின் சத்தம் கேட்டது. உள்ளே போனால், ரஃபி அகமது நடு நாற்காலியில். எதிரில் ஞானமுத்து, புதுச் சட்டையில், மடியில் ரிமோட்டோடு. பெட்டி அலறுகிற அலறலில் ஜன்னல் கம்பி நடுங்கியது. டீச்சர் சமையலறையில் பிரியாணிக்குத் தம் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ரஃபி அகமதுவின் செல்போன் அடித்தது. சட்டைப் பையில் வெளிச்சம் தெரிந்துதான் அவர் எடுத்தார். கையைக் கீழ்நோக்கி ஆட்டி, குறையுங்கள் என்று சைகை காட்டினார். ஞானமுத்துவுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"ஜாஸ்தியா இருக்குதா சார்? இதோ கம்மி பண்றேன்" என்று ரிமோட்டை நீட்டி அழுத்தினார். முப்பது, இருபது, பத்து, இரண்டு. திரையில் பச்சைக் கோடு சுருங்கி ஒரு புள்ளியாகிவிட்டது. பெட்டி ஒரு இம்மிகூடக் குறையவில்லை.

"இப்ப பேசுங்க சார்" என்றார் ஞானமுத்து, பெருமையாக.

யா அல்லாஹ், போச்சு என்று நினைத்தேன். கையில் கரண்டியோடு டீச்சர் ஓடி வந்து வாசற்படியில் நின்றுவிட்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. திருகைத் திருக ஆம்ப்ளிஃபயர் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்தேன்.

ரஃபி அகமது திரையைப் பார்த்தார். பச்சைப் புள்ளியைப் பார்த்தார்.

"ஆங், போதும் போதும். இப்ப நல்லா இருக்குது" என்றார்.

அப்புறம் போனைக் காதில் வைத்து, அந்த இரைச்சலுக்கு நடுவில், "சரி சார்... ஆமா சார்... சரி சார்" என்று தலையாட்டினார். நடுவில் ஒரு இடத்தில் சிரித்தார். ஒரு "அதானே" கூட வந்தது. போனை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்து அன்பாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்கு ஏழு வருஷமாகத் தெரியும். டீச்சருக்கு அதைவிட அதிக வருஷமாகத் தெரியும். ரஃபி அகமதுவும் பதினெட்டு வருஷம் தோல் உருட்டுகிற டிரம்மிடம் நின்று மேலே வந்தவர் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பீடியைக் கண்டுபிடித்ததெல்லாம் மூக்கு.

டீச்சர் கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்ப் பிரியாணியைக் கொண்டுவந்தார். போகிற வழியில் திருகைக் கொஞ்சம் குறைத்தார். யாரும் கவனிக்கவில்லை. சாப்பாடு பிரமாதம். பட்டியலில் இனி யார் பெயரும் வராது என்று நானும் டீச்சரும் வாசலில் நின்று சிரித்தோம்.

சிரித்தது தப்பு. அந்த போன் கம்பெனி ஆபீசிலிருந்து வந்தது. பட்டியல் எடுக்கிற வேலை சூப்பர்வைசருக்கு வேண்டாம், திங்கட்கிழமை காலையில் வெளியிலிருந்து மெஷின் வைத்து காது பார்க்க ஆட்கள் வருகிறார்கள், எல்லோருக்கும் தைரியம் வர முதலில் நீங்கள் உட்காருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். "சரி சார்" என்றவர் இவர்தான். திங்கட்கிழமை முதல் ஆளாக ரஃபி அகமதுவை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். அவர் தலையாட்டினார். கை தூக்கவில்லை. ஞானமுத்து ஏழாவது ஆள். அவர் புத்திசாலித்தனமாக நாலு தடவை தூக்கினார். நாலு தடவையும் அங்கே சத்தமே வைக்கவில்லையாம்.

புதுவருஷம் பிறந்ததும் இரண்டு பேரும் யார்டுக்குப் போனார்கள். ரஃபி அகமது யார்டு இன்சார்ஜ், ஞானமுத்து உப்புத் தோல் பிரிக்கிறவர். ஒருவர் சொல்வதற்கு இன்னொருவர் தலையாட்ட, வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் ஞானமுத்து பாதியாகிப்போனார். சாயங்காலம் கடைப் பக்கம் வந்து நின்றால் இடது கையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். இருபத்தாறு வருஷம் மெஷினைத் தொட்டுக்கொண்டிருந்த கை. கம்பி எப்படியிருந்தாலும் திங்கட்கிழமை வந்திருக்கும்தான். ஆனாலும் காது கேட்காத மனிதனிடம் டிவிக்குப் பின்னால் நின்று பேசிய புத்தியை எந்தச் செருப்பால் அடிப்பது?

வருஷம் முடிந்து கேரண்டி தீர்ந்ததும், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்குரூ டிரைவரோடு போனேன். பழைய மாதிரி உள்ளேயிருந்து லைன் எடுத்து, ரிமோட்டுக்கு அடங்குகிற மாதிரி செய்துவிட வேண்டும் என்று. தெரு முனையில் சத்தமே இல்லை. வாசலிலும் இல்லை. உள்ளே டிவி, ஒரு வீட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் பேசிக்கொண்டிருந்தது. ஞானமுத்து பெட்டியை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்தார். "திருகை முழுசா அணைச்சுட்டேன் பாய். ஒரு மாசமாச்சு. ஸ்கூல்ல கத்தி, வூட்ல கத்தி, இந்தப் பெட்டியும் கத்தி, எனக்கே காது போய்டும் போல இருந்துச்சு. ஒரு நாளைக்குன்னுதான் அணைச்சேன். அவருக்குத் தெரியவே இல்ல" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். டீ போடுகிறேன் என்று திரும்பிக்கொண்டார்.

நான் போய் ஞானமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன், இடது உள்ளங்கை பெட்டியின் மேல் இருந்தது. என் கையைப் பிடித்து இழுத்து, அதன் பக்கத்தில் வைத்தார். பிளைவுட் சும்மா கிடந்தது. அவர் சமையலறையை ஒரு முறை பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்து ரகசியம் சொன்னார். ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்டார். தெருவில் போன சைக்கிள்காரன் நின்றுவிட்டான்.

"ஒரு மாசமா கைக்கு ஒண்ணும் வர்றதில்ல பாய். அணைச்சுட்டா. பாவம், எத்தினி வருஷம் பொறுத்துக்குவா? எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க."

சமையலறையில் டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது. அப்புறம் டீச்சர் டீயோடு வந்தார், எனக்குக் கொடுத்தார், அவருக்குக் கொடுத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல், ஆம்ப்ளிஃபயர் திருகைப் பிடித்துப் பாதிக்கு மேல் திருகினார்.

பெட்டி எழுந்து கத்தியது. ஞானமுத்துவின் கை அதன் மேலேயே இருந்தது. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். டீயைக் கீழே வைத்துவிட்டு அவசர அவசரமாக ரிமோட்டைத் தேடி எடுத்தார். பதினைந்து, பத்து, ஐந்து என்று மனைவிக்காகக் குறைத்துக்கொண்டே வந்தார். பச்சைக் கோடு சுருங்கியது. ஜன்னல் கம்பி நடுங்கிக்கொண்டிருந்தது.

"போதுமா?" என்று கேட்டார்.

டீச்சர் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்று, "ஆங், போதும். இப்ப நல்லா இருக்குது" என்றார்.

நான் ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, டீயைக் குடித்தேன்.