மஞ்சள் தண்ணீர்

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த மனிதருக்குத் தொண்டையில் எலுமிச்சங்காய் அளவு கட்டி. எனக்குக் கழுத்தெலும்பில் ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள். தாடைவரை பட்டை இறுக்கியிருந்தது. அவர் புதூர்ப் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாக்களில் கிடா வெட்டுகிறவர். யார் வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், கழுத்தைத்தான் பார்ப்பார்.

"ஒரே வெட்டுதான் அண்ணாச்சி. தல அங்கன கெடக்கும், காலு இங்கன ஒதைக்கும்" என்றார் என்னிடம்.

மறுநாள் காலை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகுமுன் நர்ஸ் அவர் கழுத்தை மழித்து, மருந்துத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்தார். சில்லென்று பட்டதும் அவர் தலையைச் சிலுப்பினார். அடுத்த நொடி மருந்துத் தட்டை எட்டி உதைத்தார். கிண்ணம் சுவரில் மோதி உருண்டது. நர்ஸின் மணிக்கட்டை முறித்துவிடுவதுபோல் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"குளுந்துச்சு, அதான் சிலுப்புனேன்! சம்மதம்னு நெனைச்சிராதீய!"

நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. கொடையில் கிடாமேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். உடனே அரிவாள் இறங்கும்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸின் கையை விட்டார். பிறகு யாரையும் தொடவிடாமல் தானே நடந்து ஆபரேஷனுக்குப் போனார்.

சாயங்காலம் தையல் போட்ட கழுத்தோடு கிடந்தவர் என் கையைப் பிடித்தார். குரல் காற்றாக வந்தது.

"கெடா எல்லாத்துக்கும் குளுந்துதான் இருக்கும், என்ன அண்ணாச்சி?"

பட்டை போட்ட கழுத்தை என்னால் அசைக்க முடியவில்லை. பதில் சொல்ல வாய் இருந்தது. ஒவ்வொரு கொடையிலும், "சிலுப்பிருச்சு, வெட்டுலே!" என்று கூட்டத்தோடு சத்தம்போட்ட வாய்.