காட்டாற்றுக்கு அந்தக் கரையில்

பண்டசோழநல்லூரில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் நெல்லும் கரும்பும் வானமும்தான். செல்வகுமாரி ஐம்பதை நெருங்கும் வரை ஒரு மலையைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. புருஷன் புகழ்வேந்தன் மாரடைப்பில் போன பிறகு, ஒன்றரைக் காணிக் கரும்பைத் தனியாளாகப் பார்த்து வந்தாள். வரப்புக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி வசந்தாவின் நிலம். இரண்டுக்கும் ஒரே போர்வெல். ஒரு கோடையில் வசந்தா மோட்டாரைத் தன் பக்கமே ஓட்டிக்கொள்ள, செல்வகுமாரியின் கரும்பு குருத்தோடு காய்ந்தது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

புரட்டாசி சனிக்கிழமை ஊர்ப் பெண்கள் வேன் பிடித்து, கள்ளக்குறிச்சி தாண்டிக் காடு மூடிய மலைத்தொடருக்குப் போனார்கள். அதில் எல்லாவற்றையும்விட உயர்ந்த மலையின் உச்சியில் ஒரு பெருமாள் கோயில். வேனில் வசந்தாவும் இருந்தாள்.

கும்பிட்டுவிட்டு எல்லோரும் இறங்கத் தொடங்கினார்கள். செல்வகுமாரிக்கு மட்டும் பாறையை விட்டு நகர மனம் வரவில்லை. கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் தட்டையான பூமி. அதன் ஏதோ ஒரு கோடியில் தன் வயலும் இருக்கும் என்று நினைத்தபடி நின்றவள், முகட்டில் இடி உருண்ட பிறகே அவசரமாக இறங்கினாள்.

பாதி வழியில் காட்டாறு. அதன் கரையோரப் பாறையில் வசந்தா உட்கார்ந்திருந்தாள். மூட்டுவலியால் பின்தங்கி, வழுக்கி விழுந்திருக்கிறாள். கணுக்கால் திரும்பி வீங்கியிருந்தது. மற்றவர்களின் குரல்கூடக் கேட்கவில்லை. போனில் சிக்னல் இல்லை.

"கால் போச்சுடி," என்றாள் வசந்தா. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. "நீ போய் ஆளுங்கள இட்டுக்குனு வா."

முழங்கால் தண்ணீரில் செல்வகுமாரி ஆற்றைக் கடந்தாள். அக்கரை ஏறும்போது மழை அறைந்தது. திரும்பிப் பார்த்தாள். தெளிந்து ஓடிய தண்ணீர் செம்மண்ணாகிக் கிளைகளை உருட்டிக்கொண்டு வந்தது. வசந்தாவின் பாறையை அது நக்கத் தொடங்கியிருந்தது. அடிவாரம் போய் ஆளோடு வருவதற்குள் பாறை இருக்காது.

மோட்டாருக்காகத்தான் விட்டுவிட்டு வந்தாள் என்று ஊர் சொல்லும். அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான். தோன்றியதும் உடம்பு கூசியது. அப்போது அந்தக் கரையில் வசந்தா, செத்துப்போன தன் அம்மாவைக் கூப்பிட்டு அலறினாள்.

செல்வகுமாரி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மறுபடி இறங்கினாள். இப்போது தண்ணீர் இடுப்புக்கு மேல். உருண்டு வந்த கல் ஒன்று முழங்காலில் இடித்தது. வெள்ளம் காலை வாரியது. கைக்கு எட்டிய வேரைப் பிடித்துத் தொங்கி, எப்படியோ கரையேறினாள்.

"பைத்தியமாடி நீ? இன்னாத்துக்குத் திரும்பி வந்த?"

"பேசாதக்கா. என் கழுத்தக் கட்டிக்கோ."

அக்குளில் கைகொடுத்து, சேற்றில் சறுக்கிச் சறுக்கி அவளை மேட்டுக்கு இழுத்துப் போனாள். ஒரு பாறை இடுக்கில் ஒண்டிய பிறகு கீழே பார்த்தால், வசந்தா உட்கார்ந்திருந்த இடத்தில் வெறும் தண்ணீர்.

வசந்தா வெடவெடவென்று நடுங்கினாள். செல்வகுமாரி அவளை அணைத்துக்கொண்டாள்.

"அந்த மோட்டாரு..." என்று வசந்தா ஆரம்பித்தாள்.

"இப்ப அது வேணாங்க்கா."

பொழுது சாயும் நேரத்தில் மழை விட்டு, வெள்ளம் வடிந்தது. ஆளைக் காணோமென்று வேன்காரர் கூட்டி வந்த மலைக்கிராமத்து ஆட்கள், கம்பில் போர்வையைக் கட்டி வசந்தாவைச் சுமந்து இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் அவள் காலில் பிளேட் வைத்தார்கள். இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறாள். தண்ணீர்த் தகராறு தீரவில்லை. இப்போது வாய்விட்டுச் சண்டை போடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் வசந்தா எல்லார் முன்னாலும் சொன்னாள்: "அவ எடத்துல நானா இருந்தா திரும்பி வந்திருக்க மாட்டேன்."

பின்னால் நின்ற செல்வகுமாரி சிரிக்கவில்லை.

"வந்திருப்பக்கா," என்றாள். "அம்மான்னு அலறுன அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு யாராலயும் போவ முடியாது."